முன்னோட்டப் படமும் மாணவர் கற்பனையும்

திரையரங்கிலே விளக்குகள் அணைகின்றன. பார்க்க வந்த படம் இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் வேறொரு படத்தின் துணுக்குகள் சில திரையிலே பாய்ந்து மறைகின்றன. ஓடுகின்ற புகையிரதம், திடுக்கிட்டுத் திரும்பும் ஒரு முகம், உடைந்து சிதறும் கண்ணாடி, எங்கிருந்தோ ஒரு சிரிப்பொலி. பின்னர் ஒரு பெயர். அதன் கீழே, விரைவில் வருகின்றது என்னும் அறிவித்தல். பெரும்பாலும் இரண்டரை நிமிடத்துள் அடங்கிவிடும் இச்சிறு தொகுதியையே தமிழில் முன்னோட்டம் என்றும் ஆங்கிலத்தில் ட்ரெயிலர் என்றும் வழங்குகின்றனர். ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்பது பொருள். முன்னே வருவதற்குப் பின்னே வருவது என்று பெயர் வாய்த்தது ஒரு வேடிக்கை. தொடக்க காலத்தில் இத்துணுக்குகள் படம் முடிந்த பின்னரே, படச்சுருளின் கடைசியில் ஒட்டிக் காட்டப்பட்டன. படம் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போவதுதானே மக்கள் வழக்கம். ஆகவே திரையரங்கினர் வாலை எடுத்துத் தலையிலே வைத்துவிட்டனர். பெயர் மட்டும் மாறாது நின்றது.

இதன் பிறப்பும் சற்று வேடிக்கையானதே. 1913 ஆம் ஆண்டில், நியூ யோர்க் நகரிலே மார்க்கஸ் லோ என்பாருக்குச் சொந்தமான திரையரங்குகளின் விளம்பர முகாமையாளராயிருந்த நில்ஸ் கிரான்லண்ட், ஒரு சிறு விளம்பரப் படத்தைத் தயாரித்துக் காட்டினார். முன்னோட்ட வரலாற்றின் தொடக்கமாக அதனையே பலரும் குறிப்பிடுவர். ஆனால் அது திரைப்படம் ஒன்றுக்கான விளம்பரமன்று. பிறோட்வே அரங்கில் நடைபெறவிருந்த இசை நாடகமொன்றின் ஒத்திகைக் காட்சிகளே அதில் இடம்பெற்றன. மேடை நாடகத்துக்கு ஆள் சேர்க்கத் திரையை அவர் துணைக்கழைத்தார். அன்று தொட்டு இன்றுவரை, இன்னும் காணாத ஒன்றைக் காணவேண்டும் என்னும் விருப்பத்தை எழுப்புவதே முன்னோட்டத்தின் தொழிலாக இருந்து வருகின்றது.

நூலுக்குப் பாயிரம் எவ்வாறோ, படத்துக்கு முன்னோட்டம் அவ்வாறு என்று தமிழ் கற்றோர் ஒருவர் கூறிவிடக்கூடும். நன்னூலார் பாயிரத்துக்கு ஏழு பெயர்கள் சொல்லுகின்றார். எட்டாவதாக இதனையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று எண்ணத் தோன்றும். ஒப்புமை ஓரளவுக்கே செல்லும். ஆக்கியோன் யார், நூல் எவ்வழி வந்தது, அதன் பெயர் யாது, கேட்டற்குரியோர் யாவர், கற்பதனால் வரும் பயன் யாது என்பவற்றைப் பாயிரம் ஒளிவுமறைவின்றி உரைக்கும். முன்னோட்டமோ உரைப்பதிலும் பார்க்க மறைப்பதிலேயே திறமை காட்டுவது. பயனைச் சொல்லாது பசியை எழுப்புவது. இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்ளாது முன்னோட்டம் அமைக்கப் புகுவோர் கதைச் சுருக்கத்தைத் தந்துவிட்டு நின்றுவிடுவர்.

இக்காலத்தில் முன்னோட்டம் அமைத்தல் பாடசாலை மாணவரின் கைக்கும் எட்டியுள்ளது. கையடக்கத் தொலைபேசியொன்று போதும். படம்பிடிக்கவும் ஒலியைப் பதியவும் வெட்டி ஒட்டவும் அதுவே கருவி. முழுப்படம் ஒன்றை எடுக்க மாணவருக்குப் பணமுமில்லை, தவணையில் அத்தனை நாளுமில்லை. ஒரு நிமிடம் அல்லது ஒன்றரை நிமிட முன்னோட்டம் என்றால் சில கிழமைகளில் முடிந்துவிடும். ஆகவே ஊடகக் கல்வி ஆசிரியர்கள் இல்லாத ஒரு படத்துக்கு முன்னோட்டம் செய்து வரும்படி மாணவருக்குப் பணிக்கின்றனர். அச்சப்படம், நகைச்சுவைப்படம், துப்பறியும் படம், காதற்கதை, விஞ்ஞானப் புனைவு என வகைகளைக் கொடுத்து, விரும்பியதைத் தெரிந்துகொள்க என்று விடுவதும் உண்டு.

தொல்லை அங்கேதான் தொடங்குகின்றது. மாணவர் அறுவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். சிறிது நேரம் மௌனம். பின்னர் அவர்களுள் வாய்த்துடுக்கு மிகுந்த ஒருவன், பேய்க்கதை எடுப்போம் என்கிறான். அதன்பின் எழும் யோசனைகள் யாவும் பேயையே சுற்றிச் சுழலும். பேய் கிணற்றடியில் நிற்கலாமா, மாமரத்தடியில் நிற்கலாமா என்ற அளவிலே விவாதம் நடைபெறும். வேறொன்றைச் சொல்ல வாயெடுத்தவளுக்கு, அது சரிவராது என்று உடனே பதில் கிடைத்துவிடும். அரை மணி நேரத்தில் முடிவு செய்யப்படுவது, அறுவரும் கூடிச் சிந்தித்த ஒன்றன்று. முதலில் வாய் திறந்தவன் சொன்னதே.

இந்தக் குறையை ஒரு விளம்பரத் தொழிலாளர் பல ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுகொண்டார். அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்னும் அமெரிக்கர், பெரிய விளம்பர நிறுவனமொன்றின் பங்காளர். கூட்டங்களிலே புதிய யோசனை ஒன்று தலைகாட்டியவுடன் அதைத் தட்டி அமர்த்திவிடும் வழக்கத்தைப் பார்த்துச் சலித்த அவர், சிந்தனைக் கிளறல் என இப்போது வழங்கும் முறையை வகுத்தார். 1953 இல் வெளிவந்த அவரது நூல் அம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. அவர் விதித்தவை நான்கே. யோசனை கூறும் வேளையில் எவரும் தீர்ப்புக் கூறலாகாது. நல்லது கெட்டது பாராது எண்ணிக்கை பெருகவேண்டும். பித்துப்பிடித்தாற் போன்ற யோசனைக்கும் வரவேற்பு உண்டு. ஒருவர் கூறியதை மற்றவர் எடுத்து இணைக்கலாம், திருத்தலாம்.

விதிகள் நல்லனவே. ஆனால் கூட்டமாக இருந்து யோசித்தால் தனித்திருந்து யோசிப்பதிலும் கூடுதலான எண்ணங்கள் பிறக்கும் என்று ஒஸ்போர்ன் கூறியது மட்டும் சோதனையில் நிலைபெறவில்லை. 1958 ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நால்வர் கொண்ட குழுக்கள் கூடியிருந்து தந்த யோசனைகளையும், தனித்தனியே இருந்த நால்வர் தந்தவற்றைப் பின்னர் ஒன்றுசேர்த்துப் பெற்ற தொகையையும் ஒப்பிட்டனர். தனித்திருந்தோரே கூடுதலாகத் தந்தனர். அவர்களுடைய யோசனைகள் தரத்திலும் தாழ்ந்திருக்கவில்லை. 1987 இல் டீல், ஸ்ரோபெ என்னும் இருவர் நடத்திய ஆய்வு இதன் காரணத்தை விளக்கிற்று. ஒருவர் பேசும்போது மற்றவர் தம்முறை வரும்வரை காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் அந்நேரத்திலே எண்ணம் மறந்துபோகும், அல்லது சொல்லத் தகுதியற்றதாய்த் தோன்றிவிடும். பேச்சு வரிசை பிடித்துச் செல்லுமிடத்தில் சிந்தனையும் வரிசையில் நின்று களைத்துவிடுகின்றது.

எனவே மாணவர் குழு கூடும்போது செய்யத்தக்கது மிக எளிது. முதற் பத்து நிமிடமும் எவரும் பேசலாகாது. ஒவ்வொருவரும் சிறு சீட்டுக்களில், ஒரு சீட்டுக்கு ஒரு யோசனையாக, பெயரிடாமல் எழுதவேண்டும். பின்னர் சீட்டுக்களைக் கலந்து மேசைமீது பரப்பி ஒருவர் உரக்க வாசிக்கலாம். அப்பொழுதே பேச்சுத் தொடங்கட்டும். பெயரில்லாத சீட்டுக்கு முன்னால் வகுப்பின் கெட்டிக்காரனும் கடைசி வாங்கில் இருப்பவளும் ஒரே அளவினரே.

எதைப்பற்றி எழுதுவது என்பது அடுத்த வினா. முழுக்கதையை எழுதச் சொல்வது தவறு. கதை எழுதச் சொன்னால் மாணவர் தாம் கண்ட படங்களின் கதையையே திருப்பி எழுதுவர். ஒரே ஒரு சிறு நிகழ்ச்சியைக் கொடுத்து, அதனை எத்தனை வகையாகத் திருப்பலாம் என்று கேட்பதே தக்கது. எடுத்துக்காட்டாக, இவ்வாறு வைத்துக்கொள்ளலாம். மாலை ஐந்து மணி. பாடசாலை விட்டுப் பல மணி நேரமாயிற்று. மறந்து விட்டுச்சென்ற கணிதக் கொப்பியை எடுக்க ஒரு மாணவன் திரும்பி வருகிறான். வளவில் ஆளரவமில்லை. மேல்மாடியிலே, அவனுடைய வகுப்பறையில் மட்டும், மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கின்றது.

இதற்குமேல் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. விசிறியைப் போட்டது யார் என்பதே வினா. அதற்கு எத்தனை விடையுண்டோ அத்தனை வகைப் படம்.

இவ்விடத்தில் தமிழ் மாணவருக்குப் பழைய நூலொன்று துணைசெய்யும். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்துள்ளார். அச்சம், நகை, அழுகை, மருட்கை முதலிய அவ்வெட்டினுள் ஒன்றைத் தலைமையாகக் கொண்டு மற்றவற்றைத் துணையாகக் கொள்வதே இன்று படவகை எனப்படுவதன் அடிப்படை. எட்டென்று எண்ணியதோடு அவர் நின்றுவிடவுமில்லை. ஒவ்வொரு மெய்ப்பாடும் பிறக்கும் நிலைக்களன்களை நந்நான்காகப் பகுத்துக் காட்டினார். வகையின் பெயரை மட்டும் கேட்டால் மாணவர் மனம் ஒரே தடத்தில் ஓடும். நிலைக்களனைக் கேட்டால் தடம் நான்காகப் பிரியும்.

அச்சத்தையே பாருங்கள். அணங்கு, விலங்கு, கள்வர், தலைமையுடையோர் என்னும் நான்கினாலே அச்சம் தோன்றும் என்பது அவர் கருத்து. மேல்மாடி விசிறியின் கீழே பேய் இருக்கலாம். இது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. மேசைகளின் இடையே பாம்பொன்று ஊர்ந்துகொண்டிருக்கலாம். பரிசோதனைக்கூடத்துக் கருவிகளைக் களவெடுக்க வந்தவர்கள் அங்கே பதுங்கியிருக்கலாம். நான்காவது, பாடசாலை மாணவருக்கு விளக்கவுரை வேண்டாதது: அதிபர் தாமே அங்கு உட்கார்ந்து விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கலாம். பேய் என்ற ஒரு சொல்லோடு முடிந்திருக்கவேண்டிய பேச்சு இப்போது நான்கு அச்சப்படங்களாகிவிட்டது. அவற்றுள் கடைசியானது சற்றுத் திரும்பினால் நகைச்சுவையாகவும் ஆகும்.

நகைச்சுவைக்குப் பேதைமை ஒரு நிலைக்களன். கொப்பியை எடுக்க வந்தவன் காவலாளி கண்ணிற் படாதிருக்க மதிலேறி, நீர்க்குழாயைப் பற்றி, யன்னல் வழியாக உள்ளே குதிக்கிறான். குதித்தவனை வகுப்பறைக்குள் விசிறிக் காற்றிலே நித்திரை கொள்ளும் அதே காவலாளி வரவேற்கிறார். கதவு முழுநேரமும் திறந்தே கிடந்தது. மருட்கைக்குப் புதுமை ஒரு நிலைக்களன். விசிறி சுற்றுகின்ற அறையிலே எவருமில்லை. கரும்பலகையில் வெண்கட்டி தானாகவே எழுதிக்கொண்டிருக்கின்றது. எழுதப்படுவது நாளை நடக்கவிருக்கும் சோதனையின் வினாக்கள். விஞ்ஞானப் புனைவு இவ்வளவில் ஆரம்பித்துவிடும். அதற்கு விண்கலம் ஒன்று வேண்டியதில்லை.

பெயரில்லாத சீட்டுக்களிடையே ஒன்றில் இப்படியும் எழுதப்பட்டிருக்கக்கூடும்: வகுப்பறையிலே இருப்பது இன்னொரு மாணவி. அவளுடைய வீட்டில் மின்சாரம் இல்லை. இருட்டும்வரை இங்கிருந்து படித்துவிட்டுப் போகிறாள். எவருக்கும் தெரியக்கூடாது என்று நினைக்கிறாள்.

அழுகைக்குரிய நிலைக்களன்களுள் வறுமையையும் தொல்காப்பியர் சேர்த்திருக்கின்றார். இச்சீட்டை எழுதியவர் அவ்வியலைப் படித்திருக்கவேண்டும் என்பதில்லை. மேசையைச் சுற்றி உரத்துப் பேசும் கூட்டத்திலே இந்த யோசனை வெளிவந்திருக்குமா என்பதே எண்ணிப்பார்க்கத் தக்கது. வந்திருந்தாலும், பேய்க்கதைக்கு இடையிலே என்ன சோகக்கதை என்ற ஒரு வார்த்தையில் அது மறைந்திருக்கும். முதற் பத்து நிமிட மௌனத்தை வற்புறுத்துவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இனி, இவ்வகைகள் யாவற்றுக்கும் தொடக்கக் காட்சிகள் மூன்றும் ஒன்றே என்பது கவனிக்கற்பாலது. பூட்டிய படலை, வெறுமையான வளவு, மேல்மாடி யன்னலுக்குள்ளே சுழலும் விசிறி. நான்காவது காட்சியே படத்தின் வகையை நிர்ணயிக்கின்றது. விசிறியை அடுத்து வெறும் கதிரையொன்று தானே அசையுமாயின் அச்சம். குறட்டை விடும் வாயொன்று தோன்றுமாயின் நகை. தேய்ந்த பென்சிலைப் பற்றிய சிறு கை தோன்றுமாயின் நெஞ்சு கனக்கும். விசிறி மாறவில்லை; அதைப் பார்க்கும் கண் மாறிவிட்டது.

ரஷ்ய நெறியாளர் லெவ் குலெஷோவ் 1920 ஆம் ஆண்டையொட்டிச் செய்த சோதனை இதனையே காட்டிற்று. நடிகரொருவரின் ஒரே முகத்தைச் சூப்புக் கோப்பையோடும் சவப்பெட்டியோடும் அடுத்தடுத்து இணைத்துக் காட்டினார். பார்த்தோர் ஓரிடத்தில் அம்முகத்திலே பசியையும் மற்றோரிடத்தில் துயரத்தையும் கண்டதாகக் கூறினர் என்பது வழிவழி வரும் செய்தி. அச்சோதனைப் படம் இப்போது கிடைப்பதில்லை. ஆயினும் அந்த உண்மையை எந்த மாணவனும் தன் தொலைபேசியைக் கொண்டு ஒரே மாலைப்பொழுதில் மெய்ப்பித்துப் பார்க்கலாம்.

ஒரே படம் முன்னோட்டத்தினாலே எவ்வளவு மாறித் தோன்றக்கூடும் என்பதற்கு ஸ்ரான்லி கியூப்றிக்கின் 'ஷைனிங்' என்னும் படத்தின் வரலாறு சிறந்த சான்று. குளிர்காலத்தில் ஆளில்லாத விடுதியொன்றைக் காவல்செய்யச் சென்ற குடும்பத்தில், தந்தை மனம் பேதலித்துக் கொலைவெறி கொள்ளும் கதை அது. 1980 இல் அப்படத்துக்காக வெளியிடப்பட்ட முன்னோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு காட்சி. விடுதியின் மின்னுயர்த்திக் கதவுகள் இரண்டு அசையாமல் நிற்கின்றன. அவற்றின் முன்னால் நடிகர்களின் பெயர்கள் மெல்ல மேலெழுந்து செல்கின்றன. இசை ஏதோ தீங்கு நெருங்குவதை உணர்த்துகின்றது. பெயர்கள் ஒழிந்தபின் கதவிடுக்கிலிருந்து இரத்தம் வெள்ளமாய்ப் பாய்ந்து கூடத்தை நிறைக்கின்றது. கதை ஒரு சொல்லும் சொல்லப்படவில்லை. நடிகர் ஒருவரும் தோன்றவில்லை. கண்டவர் அதை மறக்கவுமில்லை.

இருபத்தைந்து ஆண்டுகளின் பின், 2005 இல், நியூ யோர்க்கிலே படத்தொகுப்பு உதவியாளர்களுக்கென ஒரு போட்டி நடைபெற்றது. பழைய படமொன்றை எடுத்து, அதற்கு முற்றிலும் வேறு வகையைச் சேர்ந்த முன்னோட்டம் ஒன்றை அமைக்கவேண்டும். ஒலியை மாற்றலாம், காட்சிகளை மாற்றலாகாது என்பது விதி. றொபேட் றையாங் என்னும் இளைஞர் எடுத்துக்கொண்டது இதே படத்தை. தந்தையும் மகனும் பேசும் காட்சிகளைத் தெரிந்தெடுத்து, அன்புள்ள வர்ணனைக் குரலொன்றைப் பொருத்தி, துள்ளலான பாட்டொன்றைச் சேர்த்தார். கொலைவெறியனின் கதை, எழுத வராத எழுத்தாளர் ஒருவரும் தந்தையன்புக்கு ஏங்கும் சிறுவன் ஒருவனும் ஒருவரையொருவர் கண்டடையும் குடும்பச் சித்திரமாகிவிட்டது. போட்டியிலே வென்ற அந்த முன்னோட்டம் இணையத்தின் வழியாக உலகெங்கும் பரவிற்று. மறு ஆண்டிலே வேறொருவர், குழந்தைகளுக்குரிய 'மேரி பொப்பின்ஸ்' படத்தை எடுத்துக் குலைநடுங்கும் பேய்ப்படத்தின் முன்னோட்டமாக்கிக் காட்டினார். மாணவருக்கு இவ்விரண்டையும் மூலப்படங்களோடு அருகருகே காட்டிவிட்டால், படவகை என்பது யாது என்பது பற்றி நீண்ட விரிவுரை தேவைப்படாது.

றையாங்குக்குக் காட்சிகளை மாற்ற உரிமை இருக்கவில்லை. வெட்டி ஒட்டியதும் ஒலியை மாற்றியதுமே அவர் செய்தவை. வானொலி நேயர்களுக்கு இது வியப்பளிக்கமாட்டாது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையிலே புதிய தமிழ்ப் படங்களுக்கான விளம்பர நிகழ்ச்சிகள் ஒலித்த காலத்தை மூத்தவர்கள் அறிவர். ஒரு வசனத் துண்டு, ஒரு பாடலின் தொடக்கம், அறிவிப்பாளரின் விரைந்த குரல், திரையரங்கின் பெயர், அவ்வளவே. காட்சி ஒன்றேனும் இல்லை. ஆயினும் வரப்போவது கண்ணீர்ப் படமா, சண்டைப் படமா, சிரிப்புப் படமா என்பதில் கேட்டவருக்கு ஐயம் இருந்ததில்லை. மாணவர் தம் முன்னோட்டத்தை முடித்தபின் திரையைத் துணியால் மூடி, ஒலியை மட்டும் வேறொரு வகுப்பாருக்குக் கேட்பித்துப் பார்க்கலாம். எவ்வகைப் படம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் வேலை பெரும்பாலும் சரியாகியிருக்கும். சொல்லமுடியாது விழித்தால், கமெராவைக் குறை கூறுவதிற் பயனில்லை.

அச்சப்படத்துக்கு ஒலியைக் குறைப்பதே ஒலி. விசிறியின் கிறீச்சென்ற ஓசை, படியேறும் செருப்பொலி, பின்னர் விசிறி நின்றுபோகும் அமைதி. இசைக்கருவிகள் பலவற்றை ஒருங்கே முழங்கச் செய்யும் மாணவர் அச்சத்தை விரட்டிவிடுகின்றனர். நகைச்சுவைக்கு நேரக்கணக்கே உயிர். படத்தின் பெயர் தோன்றி முன்னோட்டம் முடிந்துவிட்டதென்று பார்ப்போர் நினைத்த பின் வரும் கடைசிச் சிறுகாட்சியிலேயே பெருஞ்சிரிப்பை வைப்பது தொழில் தெரிந்தவர் வழக்கம். துப்பறியும் படத்துக்கு முகங்களிலும் பொருள்களே மேலானவை: சாவிக்கொத்து, பாதி எரிந்த கடுதாசி, கையொப்பமில்லாத வரவுப் பதிவு. காதற்கதையைப் பற்றி இங்கே அதிகம் சொல்லவேண்டியதில்லை; மாணவர் அதனை எவர் சொல்லியும் கேட்டுச் செய்வதில்லை.

மறைத்தலின் அருமையை அறிய விரும்புவோர் அல்பிரட் ஹிச்கொக் 1960 இல் தமது 'சைக்கோ' படத்துக்கு அமைத்த முன்னோட்டத்தைப் பார்க்கவேண்டும். ஆறரை நிமிடம் நீளும் அதிலே, நெறியாளர் தாமே வழிகாட்டி போல வந்து, கொலை நடந்த வீட்டையும் விடுதியையும் சுற்றிக் காட்டுகின்றார். இந்தப் படிக்கட்டிலேதான் என்று தொடங்கி வாக்கியத்தை முடிக்காது விடுகிறார். அலுமாரியைத் திறந்து தலையை ஆட்டுகிறார். ஈற்றிலே குளியலறைத் திரையை இழுக்க, ஒரு பெண் அலறுகின்றாள். கதையிலே அக்குளியலறையில் வருபவர் ஜனற் லீ. முன்னோட்டத்தில் அலறுபவரோ வேரா மைல்ஸ் என்னும் வேறு நடிகை. படத்திலிருந்து ஒரு காட்சியைத்தானும் வெட்டியெடுக்காமல், படத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்னும் அவாவை அவர் எழுப்பினார். அதற்கும் முன்னே, 1941 இல், ஓர்சன் வெல்ஸ் தம் 'சிற்றிசன் கேன்' படத்துக்குச் செய்த முன்னோட்டத்தில் அவருடைய முகம் தோன்றவில்லை. குரல் மட்டும் ஒலிக்க, நடிகர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்துவைத்தார். படம் கையில் இல்லாத மாணவருக்கு இவ்விரண்டும் நல்ல முன்மாதிரிகள்.

இவ்வளவு திறமையோடு கூடவே ஓர் ஆபத்தும் வருகின்றது. கொலைக் கதையைக் குடும்பச் சித்திரமாக்கக் கற்ற கை, விளையாட்டுக்கு அப்பாலும் அதனைச் செய்யக்கூடும். 2019 இல் வெளிவந்த 'யெஸ்ரடே' என்னும் ஆங்கிலப் படத்தின் முன்னோட்டத்தில் அனா டி அர்மாஸ் என்னும் நடிகை தோன்றினார். வெளியான படத்திலோ அவர் இல்லை, அவர் நடித்த பகுதி வெட்டப்பட்டுவிட்டது. அவரைக் காணவென்றே தலைக்கு 3.99 டொலர் செலுத்திப் படத்தை வாடகைக்குப் பெற்றதாகக் கூறிய அமெரிக்கர் இருவர், தயாரிப்பு நிறுவனத்துக்கெதிராக வழக்குத் தொடர்ந்தனர். முன்னோட்டம் ஒரு கலைப் படைப்பு, ஆகவே அதற்குப் பேச்சுச் சுதந்திரம் உண்டு என்பது நிறுவனத்தின் வாதம். 2022 டிசம்பரில் கலிபோர்னியாவிலுள்ள கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அதனை ஏற்கவில்லை. முன்னோட்டத்திலே கலைத்திறன் இருப்பினும் அது ஒரு பண்டத்தை விற்கும் வர்த்தகப் பேச்சே. எனவே பொய் விளம்பரம் பற்றிய சட்டங்கள் அதற்கும் பொருந்தும் என்று அவர் தீர்மானித்தார். அது வழக்கின் முடிவன்று. வழக்கை மேற்கொண்டு நடத்தலாமா என்னும் தொடக்க வினாவுக்கான விடையே. எனினும் முன்னோட்டம் ஒரு வாக்குறுதி என்பதை ஒரு நீதிமன்றம் அத்தனை தெளிவாகப் பேசியது குறிப்பிடத்தக்கது.

மாணவரின் முன்னோட்டத்துக்குப் பின்னால் படமே இல்லை. அங்கே ஏமாறுவதற்கு யார் என்று கேட்கலாம். படம் இல்லாதிருப்பது குற்றமன்று, கதையே இல்லாதிருப்பதுதான் குறை. விசிறியைப் போட்டது யார் என்பது குழுவினருக்குத் தெரிந்திருக்கவேண்டும். பார்ப்போருக்குச் சொல்லத் தேவையில்லை. தாம் அறியாதிருப்பதுதான் கூடாது. படத்தின் முடிவைப் பத்து வாக்கியத்தில் எழுதி ஆசிரியரிடம் ஒப்படைத்த பின்னரே படம்பிடிக்கத் தொடங்கவேண்டும் என்று விதிப்பது நன்று. விடை தெரியாமல் எழுப்பப்படும் மர்மம் திரையிலே உடனே பிடிபட்டுவிடும். குழப்பமாகக் காட்சிகளை அடுக்கினால் மர்மம் தோன்றும் என்று நம்புவது மாணவரிடம் மட்டும் காணப்படும் குறையுமன்று.

சீட்டுக்களுள் எதனைத் தெரிவது என்பதற்கும் ஒரு வழியுண்டு. குழுவினர் தாம் விரும்பிய மூன்று சீட்டுக்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரே வாக்கியத்தில், அக்கதையைக் கேட்டிராத இன்னொரு மாணவருக்குச் சொல்லட்டும். பிறகு என்ன நடந்தது என்று அவர் எதற்குக் கேட்கிறாரோ அதனை எடுத்துக்கொள்ளலாம். நன்றாயிருக்கிறது என்ற பாராட்டைவிட அக்கேள்வியே பெறுமதியுடையது. அதன்பின் வருவது கணக்கு. எழுபத்தைந்து செக்கன் முன்னோட்டத்துக்குக் காட்சியொன்று சராசரி இரண்டரைச் செக்கன் என்றால் முப்பது காட்சி வேண்டும். அச்சப்படமாயின் காட்சிகள் நீண்டு நிற்கும், பதினைந்தே போதலாம். தாளொன்றில் கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் குச்சி மனிதர்களை வரைந்து, கீழே ஒலியை எழுதிவிட்டால் அரைவாசி வேலை முடிந்துவிடும். இசையைப் பொறுத்தவரை, பிரபல படப்பாடலை எடுத்து ஒட்டிவிடும் ஆசை எல்லோருக்கும் உண்டு. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இசையமைத்தவர்க்கும் பாடல் எழுதியவர்க்கும் உரிமை வழங்கியுள்ளது. வகுப்பறைக்குள் செய்யும் பயிற்சி வேறு, இணையத்தில் ஏற்றி உலகுக்குக் காட்டுவது வேறு. பாடசாலையின் சங்கீத மாணவர் ஒருவரிடம் வயலினோ மிருதங்கமோ இருக்குமாயின் அந்தச் சிக்கலே எழாது.

வீட்டில் விளக்கில்லாத மாணவியின் சீட்டே தெரியப்பட்டது என்று கொள்வோம். அந்த முன்னோட்டத்தில் அவளுடைய முகம் தோன்றவேண்டியதில்லை. வறுமை என்ற சொல்லும் வரவேண்டியதில்லை. படலை, வளவு, விசிறி. கொப்பியைத் தேடி வந்தவன் மெதுவாகப் படியேறுகின்றான். உள்ளே பென்சில் ஓடும் ஓசை கேட்கின்றது. அவன் காலடி கேட்டதும் அவ்வோசை நின்றுவிடுகின்றது. விசிறி மட்டும் சுற்றுகின்றது. அவன் கதவில் கையை வைக்கிறான், திறக்காமல் நிற்கிறான். திரை இருளுகின்றது. இருளிலே மீண்டும் பென்சில் ஓடத் தொடங்குகின்றது. இதனைப் படம்பிடிக்க வேண்டியவை ஒரு வகுப்பறையும் மாலைநேர வெளிச்சமும். பென்சிலின் ஓசையை மட்டும் தனியே, விசிறியை நிறுத்திவிட்டு, தாளுக்கு மிக அருகிலே தொலைபேசியை வைத்துப் பதிந்துகொள்ளவேண்டும். விசிறி சுற்றும்போது பதிந்தால் காற்றிரைச்சலில் அது கேட்காது.